ஆயர் ஈத்தாமில் வாங்கிய பிளிம்பிங் ஜூஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவாரில் என் சித்தி மகளுக்குப் பரிசம். கூலாயிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். சனிக்கிழமை முடித்துவிட்டோமே என்ற தைரியத்தில் கிளம்பினோம். வண்டி ஓட்டியது நான்; பின்னால் அவரும் என் அண்ணனும். இப்படி ஒருவரோடு பயணம் போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்கெல்லாம் ஆயர் ஈத்தாம். பானைக் கடைகளை அடுத்து ஒரு ஜூஸ் கடை. வல்லாரை, மஞ்சள், பிளிம்பிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பலகை: ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது, உடம்பைச் சுத்தமாக்கும். கப் ஐந்து ரிங்கிட். நான் கழிவறைக்குப் போய் வந்து வண்டியை எடுத்தேன்.

யோங் பெங் தாண்டியதும் அண்ணன் பெருமையாகச் சொன்னார். "மாப்ளைக்குப் பெரிய கப்பா பிளிம்பிங் வாங்கிக் கொடுத்தேன்லா. சீனி போடல. கிட்னிய நல்லா கழுவிவிடும்."

நறுக்கினால் நட்சத்திரமாக விழும் அந்தப் பிளிம்பிங் பழம் மற்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அதிலுள்ள ஒரு நஞ்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அது மூளையைத் தாக்கும். டயாலிசிஸ் மையத்துச் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அங்குள்ள நர்ஸ் மிஸியைப் போனில் கூப்பிட்டேன்.

"விக்கல் வருதா?"

"இல்ல மிஸி."

"வரலன்னாலும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. மொதல்ல விக்கல்தான் வரும்."

மூவாருக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருந்தது. "பழம்தானேலா, இதுக்குப் போய் பயப்படுறியே" என்றார் அண்ணன். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன், நிறுத்த நேரமில்லை. ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். பாகோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் முதல் விக்கல். உடனே இன்னொன்று.

மூவார் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் 'டயாலிசிஸ் ஆள், பிளிம்பிங் குடித்துவிட்டார்' என்றதும் ஓடி வந்தார்கள். மறுபடியும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சாயங்காலம் விக்கல் நின்றது. பிழைத்துக்கொண்டார். பரிசத்தை யார் நினைத்தார்கள்?

"ஏங்க, அது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"தெரியும். மொத நாளே சொன்னாங்க." என்றார். "தண்ணியக்கூட அளந்து அளந்து குடிக்கிறேன். ஒரு முழு கப்ப யாராச்சும் கையில குடுத்து எவ்ளோ நாளாச்சு."

கிளம்பும் முன் வழியிலுள்ள ஆஸ்பத்திரிகளைப் பார்த்து வையுங்கள். மருந்துச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும். கூட வருகிற ஒவ்வொருவரிடமும் ஆகாத பழத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அன்றைய தண்ணீர்க் கணக்கிலேயே கொஞ்சத்தை ஐஸ் கட்டியாக எடுத்துப் போனால் வாயில் அடக்கிக்கொள்ளலாம். நான் இப்போதெல்லாம் 'இது ஆகாது' என்று சொல்வதற்கு முன்னால் 'தாகமா இருக்கா' என்று கேட்கிறேன். இதுவரை ஒரு நாளும் அவர் இல்லை என்று சொன்னதில்லை.