நனைந்த இருக்கை

மழை விட்டதும் மகனின் பழைய காரில் கிளம்பினோம். இறங்கும்போது என் வேட்டி நனைந்திருந்தது. மகன் இருக்கையைத் தொட்டுப் பார்த்தான். “சொல்லியிருந்தா ஓரமா நிறுத்தியிருப்பேனேப்பா.”

ஊறிய பஞ்சின் வாடை. எட்டு வயதில், ஸ்ரீரங்கத்தில், அப்பாவின் காரிலும் இதே வாடைதான். அப்போது நான் படுக்கையை நனைப்பவன். ஒரு மழைநாள் காலையில் காரில் நான் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாக இருந்தது. அப்பா என்னை அந்த ஈர இருக்கையிலேயே உட்காரவைத்துக் கதவை அகலத் திறந்துவிட்டார்.

“எல்லாரும் வந்து பாருங்கோ! தொரை கார்லயும் பண்ணிட்டார்!”

கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் பதினாறு பேர் சிரித்தார்கள். எண்ணினேன்.

அடுத்த மழையில் கதவின் மேல் ரப்பர் வழியாகத் தண்ணீர் சொட்டியது. அப்பாவே பார்த்தார். ரப்பரை மாற்றினார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

“கதவு மேல தண்ணி ஊத்திப் பாருடா” என்றேன் மகனிடம். அவன் காரைத் தில்லைநகர் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னான். அவர் கதவின் மேல் தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். இருக்கையில் தண்ணீர் சொட்டியது.

“ரப்பர் போயிடுச்சு சார். ஐயா மேல தப்பில்ல” என்று சிரித்தார். மகனும் சிரித்தான். புது ரப்பர் போட்டார்கள்.

மறுநாள் காரில் ஏறினேன். என் இருக்கையில் மட்டும் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தது.

“எதுக்கும் இருக்கட்டும்ப்பா” என்றான்.