ஆனைவேலி நின்ற ஒரு மணித்தியாலம்: படுவான்கரையில் ஒரு பல்சர்

ஜூலை நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டை பிளக்கிற வெயிலில், மட்டக்களப்புப் படுவான்கரை வயல்வெளி ஒன்றுக்கு நட்சத்திரம் பார்க்கப் போனேன். கொழும்பு வெள்ளவத்தையில் என் பக்கத்து வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு, "பகலில எந்த நட்சத்திரம் தெரியும்? வெயில் ஏறினா எல்லாருக்கும் கண்ணுக்குள்ள பூச்சி பறக்கும், அதுக்கு மட்டக்களப்பு வரைக்கும் போகவேணுமா?" என்றாள். அவளுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தால் ரயில் போய்விடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்கு நேரம் இருக்கும்.

பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்தபிறகு மிஞ்சும் கருதான் பல்சர். ஒரு நகரத்தின் அளவுதான் இருக்கும், எடை சூரியனைவிட அதிகம். அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வானொலி அலையை வீசுகிறது. அந்த வீச்சு நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் நமக்கு ஒரு துடிப்பு வந்து சேர்கிறது. நான் தேடிப்போனது வேலா பல்சர். செக்கனுக்குப் பதினொரு முறை சுற்றுகிறது, ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வானொலி அலைக்கு வெயிலும் இருட்டும் ஒன்றுதான். ஐரோப்பாவில் பல இடங்களில் இது அடிவானத்துக்கு மேலே எழுவதே கிடையாது. மட்டக்களப்பிலோ ஜூலை மாதம் பகல் ஒரு மணிக்குத் தெற்கு வானில் வசதியான உயரத்தில் நிற்கும். கொடுத்து வைத்த ஊர்.

இதையெல்லாம் எனக்கு உறைக்க வைத்தவள் மேகலா. ஆயித்தியமலைக்கு அப்பால் ஒரு சின்னப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர், வயது முப்பத்திரண்டு. இணையத்தில் ஒரு வானியல் ஆர்வலர் குழுவில் பழக்கம். காத்தான்குடிப் பட்டறை ஒன்றில் இரும்புச் சட்டம் ஒட்டுவித்து, அதன்மேல் கோழிக்கூட்டு வலை போர்த்து, ஐந்து மீற்றர் அகலத்தில் ஒரு தட்டு அன்டெனா செய்து வயலில் நிறுத்தியிருக்கிறாள். "அக்கா, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வாங்க. வெளியாள் ஒருத்தர் பக்கத்தில இருந்து பாக்கணும்" என்று அழைத்தாள். ஏன் வெளியாள் என்று கேட்டேன். "வந்தாத் தெரியும்" என்றாள்.

வருவதற்கு முன்னரே தெரிந்துவிட்டது. கொழும்புக் கோட்டையிலிருந்து சனி காலை ரயிலில் புறப்பட்டுப் பிற்பகலில் மட்டக்களப்பில் இறங்கி, இரவு நகரத்தில் நாலாயிரம் ரூபா அறையில் தங்கினேன் (மின்விசிறி வேலை செய்தது, அதற்குமேல் புகழ ஒன்றுமில்லை). மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரர் ஏறாவூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்று அழைப்பார்கள்.

"எங்க போகணும் தங்கச்சி?"

"ஆயித்தியமலைக்கு அங்கால, நானா. மேகலா டீச்சரிட்ட."

"ஆனைவெள்ளி டீச்சரிட்டயா? அதுக்கா கொழும்பில இருந்து வந்தீங்க?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஐயாயிரம் கேட்டார், மூவாயிரத்து ஐந்நூறுக்குப் படிந்தார். இருபத்துநாலு கிலோமீற்றருக்கு அது நியாயம்தான்.

வலையிறவுப் பாலத்தில் ஓட்டோ ஏறும்போது வாவியில் வீச்சு வலைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். கரையோரச் சதுப்பில் நின்ற கண்ணா மரங்களுக்கு மேலே மேற்கிலிருந்து கச்சான் காற்று சுடச்சுட வீசியது. பாலத்தைத் தாண்டினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை, இரு பக்கமும் சிறுபோக வயல். அந்தப் பச்சையும் பொன்னும் கலந்த நிறத்தைப் படம் எடுத்துப் பார்த்தேன், படத்தில் வரவில்லை. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். வழி நெடுக நானா எனக்கு ஆனைவெள்ளிக் கதையைச் சொன்னார். வெள்ளி என்றால் இங்கே நட்சத்திரம்.

கதை இதுதான். போன வருடம் மேகலாவின் கணினியில் ஒரு துடிப்பு விழுந்தது. ஒரு செக்கனுக்குச் சற்று மேல் ஒன்று, அச்சொட்டாக ஒரே இடைவெளி. மெதுவாகச் சுற்றும் பல்சர்களும் அப்படித்தான் துடிக்கும். பிடித்துவிட்டோம் என்று துள்ளிக் குதித்திருக்கிறாள். பாடசாலையில் பொங்கல் பொங்கினார்களாம், ஊர்க்காரர்கள் முகநூலில் போட்டார்களாம். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு யானை மரத்தைத் தள்ளி மின்வேலியில் விழுத்தியது. வேலி செத்தது. அன்றைக்கே வெள்ளியும் செத்தது. யானை வராமல் வயலைச் சுற்றிப் போட்ட அந்த வேலி, செக்கனுக்குச் சற்று மேல் ஒரு தடவை மின்னடி அடிக்கும். அந்த அடியைத்தான் இவள் நட்சத்திரம் என்று நினைத்திருக்கிறாள். வேலி திருத்திய அன்று வெள்ளியும் உயிர்த்தது. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் சும்மா இருக்குமா? மட்டக்களப்பு ரயில் நிலையம் வரைக்கும் மென்றிருக்கிறார்கள். யானை வேலியைப் பல்சர் என்று நம்புவதற்கு உலகத்தில் வேறு யாருக்கு வாய்ப்புக் கிடைக்கும், சொல்லுங்கள்.

மேகலா வயல் வரம்பில் குடையோடு நின்றாள். மெலிந்த உருவம், வேகமான பேச்சு. போனவுடனேயே நானே கேட்டுவிட்டேன். "ஓம் அக்கா, பிழைதான். அது வேலியெண்டு கண்டுபிடிச்சதும் நான்தான், வீடு வீடாப் போய்ச் சொன்னதும் நான்தான். ஆனா இப்ப நான் வானத்தில மழை இருக்கெண்டாலும் ஆரும் நம்பிறாங்க இல்ல. வகுப்பில பிள்ளைகள் சிரிக்கிதுகள். படிப்பிக்கிறதையே நம்பாட்டி நான் என்னத்துக்கு டீச்சர்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வேலி ஓடும்வரை வேலாவைப் பிடிக்க முடியாது, அந்த இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். வேலியை நிறுத்துவதென்றால் வட்டைவிதானை சம்மதிக்க வேண்டும். வட்டை என்பது ஒரு தொடர் வயல்வெளி. அதில் வயல் செய்கிற எல்லாரும் சேர்ந்து தெரிவு செய்கிற பொறுப்பாளர்தான் விதானை. தண்ணீர், வேலி, காவல் எல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும். ஆனைவெள்ளி என்ற பேரை வைத்ததும் அந்த விதானையார்தானாம். அவரேதான் இன்றைக்குப் பகல் பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணித்தியாலம் வேலியை நிறுத்தச் சம்மதித்திருந்தார், ஒரே ஒரு தடவை. தட்டு நிற்கும் இடம் களவெட்டி, அறுவடை நெல்லைக் குவிக்கிற மேடு. அடுத்த கிழமை அறுவடை மெசின் வருகிறது, தட்டைக் கழற்றத்தான் வேண்டும். இன்றைக்கு விட்டால் அந்த வலை கோழிக்கூட்டுக்குத்தான் போகும். மேகலாவின் மாமி ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறாராம்.

விதானையார் பதினொரு மணிக்கே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும், தலையில் துவாய், கறாரான முகம். "கதிர் முத்தி நிக்கிது. ஒரு ஆனை பூந்தாலும் ஒரு குடும்பத்திட போகம் போச்சு" என்றார் என்னைப் பார்த்து. அப்படியிருந்தும் ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். "பொய்க்காரியெண்டா அண்டைக்கே மறைச்சிருக்கலாம். மறைக்கல்லயே" என்றார்.

காவலுக்கு வந்த வட்டை வயல்காரர்கள் வேலி நீளத்துக்குக் கூப்பிடு தூரத்துக்கு ஒருவராய் நின்றார்கள். கைத்தொலைபேசி எல்லாம் நிறுத்தியாயிற்று, மோட்டார் சைக்கிளும் ஓடக்கூடாது, இரண்டும் வானொலி அலையில் இரைச்சல் கிளப்பும். ஆகவே பழைய வழக்கப்படி கூப்போட்டுத்தான் செய்தி சொல்ல வேண்டும். ஒருவர் போட்டால் அடுத்தவர் வாங்கிப் போடுவார். நீட்டி இரண்டு கூ என்றால் யானை. எல்லாரும் கையில் தகரம் வைத்திருந்தார்கள்.

வயலில் போட்ட ஓலைக்குடிசைக்கு வாடி என்று பெயர். அதற்குள் கார் பற்றரி, ஒரு பழைய மடிக்கணினி, தட்டிலிருந்து வரும் வயர். தட்டு அசையாது. தெற்கு நோக்கி வைத்தபடி வைத்திருக்க, வேலா தானாகவே அதன் முன்னால் கடந்துபோகும், அதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பல்சர் ஒரு சுற்றுச் சுற்றும் நேர அளவுக்குப் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினி அடுக்கும். அடுக்க அடுக்க இரைச்சல் தணியும், துடிப்பு மட்டும் மேடாக எழும். என்ன நுட்பம் என்று வியந்து வாய் மூடாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கோ செத்த நட்சத்திரம், கோழிவலை, பற்றரி. இவ்வளவும்தான்.

பன்னிரண்டரைக்கு விதானையார் வேலியை நிறுத்தினார். திரையில் மயிர்போல ஒரு கோடு நடுங்கியது. கால்மணி போனது, அரைமணி போனது. கோட்டின் நடுவில் ஒரு வீக்கம் இருக்கிறதா, என் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதா என்று தெரியவில்லை. மேகலா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது குளக்கட்டுப் பக்கமிருந்து கூ வந்தது. நீட்டி இரண்டு. அது ஆள் ஆளாக மாறி எங்கள் வாடி வரைக்கும் வந்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று சும்மாவா சொன்னார்கள். எட்டிப் பார்த்தேன். பற்றைக்காட்டுக்கு வெளியே கூட்டம் சேராத தனியன் யானை ஒன்று, காதை விரித்துக்கொண்டு வேலிக்கு அருகில் நின்றது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மேகலா எழுந்து ஓடினாள். வேலியின் மின்பெட்டி வாடிக்குப் பின்னால்தான் இருந்தது, விதானையார் அதில் கை வைத்தபடி நின்றார்.

"போடுங்க விதானையார். வேலியப் போடுங்க. பயிர் போனா நான் இந்த ஊரில முழிக்க ஏலா."

"எவ்வளவு நேரம் கிடக்கு?"

"அரை மணித்தியாலம். அது போகட்டும், நீங்க போடுங்க."

அவர் யானையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து கையை எடுத்தார். "ஆனைய நாங்க பாக்கிறம். நீங்க போய் உங்கட வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வரம்பில் இறங்கினார்.

பத்துப் பன்னிரண்டு பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். தகரச் சத்தமும் கூவும் சேர்ந்து காது கிழிந்தது. தனியன் இரண்டு கம்பத்தைச் சாய்த்து உள்ளே காலை வைத்தது. ஒரு வயல் மூலையை ஓர் அறையளவுக்கு மிதித்தது. நிதானமாக ஒரு பிடி கதிரை இழுத்து வாயில் போட்டது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பிப் பற்றைக்குள் நடந்தது. மிதிபட்டது விதானையாரின் வயல் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள்.

அவர் வேர்க்க விறுவிறுக்க வாடிக்குள் வந்தபோது மணி ஒன்று முப்பத்தைந்து. திரையில் கோடு படிந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு மேடு, சந்தேகத்துக்கு இடமில்லாமல். மேகலா இந்தத் தடவை துள்ளிக் குதிக்கவில்லை, போன தடவை குதித்துப் பட்ட பாடு போதும்.

"இது வேலியில்லத்தானே?" என்றார் விதானையார்.

"வேலிய நீங்கதானே நிப்பாட்டின" என்றாள். "நட்சத்திரமெண்டா அதிட நேரத்துக்கு அடுக்கினாத்தான் எழும்பும். கொஞ்சம் பிழையா அடுக்கினா அழியும், பாருங்க." சுற்றும் நேரத்தை ஒரு மயிரிழை மாற்றினாள். மேடு கரைந்து காணாமல் போனது. பழைய எண்ணைப் போட்டாள், மேடு எழுந்தது.

"இன்னொருக்கா."

செய்தாள்.

"இன்னொருக்கா."

மூன்றாம் தடவையும் மேடு எழுந்ததும் அவர் வெளியே போய் நின்று குரல் கொடுத்தார். "டீச்சர்ர வெள்ளி கிடைச்சிட்டு. சாஞ்ச கம்பத்த நிமித்திட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க, வேலியப் போடப்போறன்." செய்தி ஆள் ஆளாகப் போனது. கொஞ்ச நேரத்தில் கடைசி ஆளிடமிருந்து ஒரு கேள்வி அதேபோல் மாறி மாறித் திரும்பி வந்தது. "ஆரு சொன்ன?"

"நான் கண்டன்" என்றார் விதானையார்.

வாடிக்குள் மேகலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான்.

அங்கே போக நினைப்பவர்களுக்கு: நகரத்திலிருந்து ஆயித்தியமலைப் பக்கம் பேருந்தும் உண்டு, ஞாயிற்றுக்கிழமையில் அதை நம்பி இறங்காதீர்கள். திரும்பி வர அதே ஓட்டோவை நிற்கச் சொல்லுங்கள், காத்திருப்புக்கு ஆயிரம் ரூபா. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு அந்த வீதியில் நிற்காமல் கிளம்பிவிடுங்கள், யானை நேரம். போகும் வழியில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிப் போனால் வாடியில் வரவேற்பு பலமாக இருக்கும். தட்டைப் பார்க்க மேகலாவிடம் மட்டும் கேட்டால் போதாது, விதானையாரிடமும் அனுமதி கேளுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேகலா அழைத்தாள். பெரும்போகத்துக்கான வட்டைக் கூட்டம் நடந்து முடிந்ததாம். பின்வரிசையில் இருந்தாளாம், ஒன்றும் கேட்கவில்லையாம். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் என்று விதானையார் வரிசையாகத் தீர்மானம் சொன்னாராம். அடுத்ததாக, தட்டு நிற்க மேட்டில் ஓர் இடமும், மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு மணித்தியாலம் வேலி நிறுத்தமும். எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாராம். ஒரு கையும் உயரவில்லையாம்.