நிழலில் காய வேண்டிய இலை

லைட்ஹவுஸ் குப்பத்தில் மணல் இருக்கும் இடமெல்லாம் நித்தியகல்யாணி தானாக வளரும். ஆடுகூட அதைத் தின்னாது. அந்தச் செடியைத் தேடித்தான் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இலையில் இருக்கும் சத்தைப் பிரித்து, அதை மாற்றிப் புற்றுநோய்க்குப் புது மருந்து செய்து பார்க்கிறார்களாம். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த என்னிடம், இரண்டு சாக்கு இலை பறித்து நிழலில் காயவைத்துத் தரச் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது என் தங்கச்சி எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். ரத்தப் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது ஆட்களிடம் எனக்குப் பேச்சே எழாது. தங்கச்சியிடம் மட்டும், உனக்கு மருந்து வருகிறது என்று சொன்னேன்.

நிழலில் போட்டால் மீன் புழுத்துப்போகும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலும் சுடுமணலும்தான். சீக்கிரம் காய்ந்தால் மருந்தும் சீக்கிரம் வரும் என்று நினைத்தேன். பழைய வலையை விரித்து, இலையை அதன்மேல் கொட்டி, உச்சிவெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தேன்.

அந்தப் பெண் வந்து சாக்கைப் பிரித்தாள். ஒரு இலையை எடுத்து நொறுக்கிப் பார்த்தாள். வெயிலில் சத்து கெட்டிருக்கும், இது உதவாது என்றாள். அப்போதுதான் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன். பாதிக்கு மேல் அழுகைதான் வந்தது.

அவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்துகளில் ஒன்று இந்தச் செடியிலிருந்து வந்ததாகவே இருக்கலாம் என்றாள். அந்த மருந்துக்கு நோய் கேட்காமல் போனவர்களுக்காகத்தான் இந்த வேலையாம்.

“இலை நல்லா இருந்தாலும் ஒரு சாக்குல சிட்டிகைகூடத் தேறாதுக்கா. அதை மாத்தி, சோதிச்சு, ஆளுக்குக் குடுக்கப் பல வருஷம் ஆகும். உங்க தப்பு ஒண்ணுமில்ல.”

வீட்டில் தங்கச்சி காத்திருந்தாள். இலை கெட்டதை மட்டும் சொன்னேன்.

“இன்னாக்கா, என் மருந்தையும் கருவாடு போட்டுட்டியா?” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் நின்றது. மூச்சு திரும்பியதும், “வேற பறிச்சுக் குடு. எப்போ வருமாம்?” என்றாள்.

“பொங்கலுக்கு அப்புறம்னு சொல்லிச்சு.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரி. அதுவரைக்கும் இருக்கேன்,” என்று சொல்லி, ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னாள்.

மார்கழியில் போய்விட்டாள். நான் சொன்னதை நம்பினாளா, எனக்காக நம்பியதுபோல் இருந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.