முந்நூற்று இருபது வாட்

நாசரேத்து பர்னபாஸ் தூத்துக்குடியில் ஒரு பஞ்சு பிரஸ்ஸில் வயர்மேனாக இருந்தார். மெட்ரிக் வரை படித்தவர். மற்ற வயர்மேன்களுக்கு வயரைக் கட்டத்தான் தெரியும், தனக்குக் கணக்கும் தெரியும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பஞ்சைப் பேலாக அழுத்தும் மோட்டாருக்குப் போகும் வயர், சண்டைக்காலத்தில் புதுச் சாமான் கிடைக்காமல் நடுவில் ஒட்டுப்போட்டது. அந்த ஒட்டு, பஞ்சு சேர்த்துவைக்கும் கிட்டங்கிச் சுவரில், பஞ்சுக் குவியலுக்கு நேர் மேலே இருந்தது. 1946 மாசியில் ஒருநாள் அங்கே ரப்பர் கருகும் வாடை அடித்தது. பர்னபாஸ் ஏணி போட்டு ஏறி, ஒட்டின் இரண்டு பக்கமும் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார். எட்டு வோல்ட் காட்டியது. மோட்டார் போர்டில் கரண்டு நாற்பது ஆம்பியர்.

கீழே இறங்கி ஒரு காகிதத்தில் எழுதினார். எட்டை நாற்பதால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் 0.2 ஓம். நல்ல ஒட்டில் அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. எட்டை நாற்பதால் பெருக்கினால் முந்நூற்று இருபது வாட்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார்.

"அஞ்சு பல்பு எரியிற சூடு அந்த ஒரு முடிச்சுல இறங்குது சார். ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்துனா மாத்திருவேன்."

"பேல் ஏத்தக் கப்பல் நிக்குது வே. ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடலாம்."

பர்னபாஸ் மெயின் சுவிட்சுக்கு முன்னால் வந்து நின்றார். கையைத் தூக்கவும் செய்தார். வீட்டில் மனைவி கிருபாபாய் எட்டு மாதக் கர்ப்பிணி; வேலை போனால் வேறு வழியில்லை. கையை இறக்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கிட்டங்கி பற்றிக்கொண்டது. உள்ளே கழிவுப் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த சங்கரம்மாள் வெளியே வரவில்லை.

விசாரணையில் மேனேஜர், "என்கிட்ட யாரும் சொல்லலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பர்னபாஸ் காகிதத்தை நீட்டினார். விசாரிக்க வந்த அதிகாரி என்ஜினீயர். பேனாவை எடுத்து, வகுத்தும் பெருக்கியும் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. நீயே போட்டதா?"

"ஆமா சார்." பர்னபாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு தெரிஞ்சும் மூணு நாள் கரண்டை ஓட விட்டிருக்கே."

அதுதான் ரிப்போர்ட்டிலும் வந்தது. ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருந்தும் மின்சாரத்தைத் துண்டிக்காத வயர்மேன். வேலையும் லைசென்சும் போயின. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பர்னபாஸ் சங்கரம்மாளின் புருஷன் அய்யாக்குட்டியைப் பார்க்கப் போனார். அவர் அதே பிரஸ்ஸில் மூட்டை தூக்குகிறவர்.

"அண்ணாச்சி, நான் மேனேஜர்கிட்ட சொன்னேன். அவருதான் கேக்கலை."

அய்யாக்குட்டி, "அவருகிட்டச் சொன்னீரு. கீழ நின்னு கூட்டிக்கிட்டு இருந்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னீரா வே?" என்றார்.

அது பர்னபாஸுக்கு அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

குழந்தை பிறந்ததும் குடும்பத்தோடு வேம்பாருக்குப் போய் உப்பளத்தில் கூலிக்கு நின்றார். இரண்டு வருஷம் கழித்து, அளத்து முதலாளி தண்ணீர் இறைக்க மின்சார மோட்டார் வைக்கும் யோசனையில், "உமக்குக் கரண்டு வேலை தெரியுமாமே?" என்று கேட்டார்.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு, பர்னபாஸ் உப்பு வாரப் போனார்.