டேக் அக்கா திருப்பிக் கொடுக்கப் போன கார்

துணிக்கடையில் விற்றதைத் திருப்பி வாங்கும் கவுன்ட்டர் அவளுடையது. "பில் இருக்கா? டேக் கிழிக்கலையே?" என்று கேட்டுக் கேட்டு, டேக் அக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. வியர்வை நாறும் சட்டையை நீட்டி "ஒருநாள்கூடப் போடலக்கா" என்று சாதிப்பவர்களை முகத்தைப் பார்த்தே எடை போட்டுவிடுவாள்.

அவள் புருஷன் டிரைவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் காரை ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு சொந்தமாக ஒன்று வாங்கினார். மறுவாரமே கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். பார்வை ஓரங்களில் சுருங்குகிறதாம், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மனுஷன் காலையில் காரைத் துடைப்பார், பிறகு அது கண்ணில் படாதபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். பேச்சே நின்றுபோனது.

"திருப்பிக் கொடுத்துடலாங்க. சீட்டுல பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல," என்று கிளம்பினாள்.

ஷோரூம் மேனேஜர் முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. முடியாது என்று சொல்ல வேண்டிய ஆளுக்கு அவளும் முதலில் தண்ணீர்தான் கொடுப்பாள்.

"வண்டியில கோளாறு இருந்து, எங்களால சரிபண்ண முடியலைன்னா பேசலாம் மேடம். இதுல குறையே இல்லையே. நம்பரும் பதிவாயிடுச்சு. இனி எடுத்தாலும் பழைய வண்டியாத்தான் எடுப்போம்."

"பிளாஸ்டிக்கூடப் பிரிக்கலைங்க."

"புரியுது மேடம்."

அந்தப் 'புரியுது'வும் அவள் தினமும் சொல்வதுதான். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா?

பழைய வண்டியாகத் தள்ளிவிடலாம். ஆனால் அதை வேறொருவன் ஓட்டிப் போவதை அவர் பார்த்துவிட்டால்? அவளால் நினைக்கவே முடியவில்லை. நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். லைசென்ஸ் கைக்கு வரும்வரை வீட்டில் மூச்சு விடவில்லை.

லைசென்ஸ் வந்த மறுநாள் காலை அவர் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சீட்டின் பிளாஸ்டிக்கைப் பரபரவென்று கிழித்தாள். பழக்க தோஷம், அவர் பின்கதவைத் திறந்து பிடித்தார். அவள் முன்னால் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"அடியே, அது டிரைவர் சீட்டு!"

"தெரியும். நீங்க இந்தப் பக்கம் வாங்க. டேக் கிழிச்சாச்சு, இனி திருப்பித் தர முடியாது."

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பழகாதவர் கை, பெல்ட்டைத் தப்பான தோளில் தேடியது. அவள் எட்டி மாட்டிவிட்டாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முதல்ல சைடு கண்ணாடியைப் பாரு," என்று அதட்டினார்.