ஒரகடத்தில் செய்யும் ரப்பர் ஒரகடத்தில் கிடைக்காது

என் காரின் முன்சக்கர ஷாப்டை மூடியிருக்கும் ரப்பர் இன்று கிழிந்து, கிரீஸ் முழுக்கக் கொட்டிவிட்டது. நாளை விடிந்ததும் வீட்டம்மாவுக்குக் காஞ்சிபுரத்தில் கண் ஆபரேஷன்.

போன ஆயுதபூஜைக்கு முதல்நாள் படப்பை மெக்கானிக் மாற்றிய ரப்பர். அவனுக்கு ஞாபகமில்லையாம். எனக்கு இருக்கிறது.

"புதுசு வர மூணு நாளாவும் பெரியவரே. அப்டியே ஓட்டுனா மண்ணு பூந்து ஷாப்டே பூடும்" என்றான்.

என் மருமகன் ஒரகடம் கார் பார்ட்ஸ் கம்பெனியில் ஷிப்டு முழுக்க அந்த ரப்பரைத்தான் செய்கிறார். "ஒண்ணு கெடைக்குமா மாப்ள?" என்று கேட்டேன்.

"இன்னா மாமா, கேட்ல ஷூவையே கழட்டிப் பாக்குறான். வேலை பூடும்."

வீட்டம்மா சிரித்தாள். "வுடுய்யா, ஆபரேஷன் முடியட்டும். அப்டி இன்னா ரப்பருன்னு நானே நல்லா பாக்குறேன்."

நாளை காலை ஐந்து மணிக்கு இந்தப் பக்கமிருந்து காரில் காஞ்சிபுரம் போகிறவர்கள் இந்த குரூப்பில் உண்டா? இரண்டு பேருக்கு இடம் வேண்டும். ஏறுமுன் குனிந்து உங்கள் கார் ரப்பரைப் பார்ப்பேன், கோபிக்கக் கூடாது.