என் இடுப்பில் வந்தது அருள் இல்லை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதன் பிறகு முருகன் புகழுக்கு வருகிறேன். வரிசை மாறினால் எங்கள் வீட்டில் விட மாட்டார்கள்.

பேட்டரி உப்பி, பின்மூடி வாயைப் பிளந்துகொண்டிருந்த கைப்பேசியை நான் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஏழு மாதம் பயன்படுத்தினேன். ஒன்று அல்ல, இரண்டு ரப்பர் பேண்டு. சிவப்பு, கீரைக்கட்டில் வந்தது. பச்சை, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தில் வந்தது. இதைச் செய்தவன் விவரம் தெரியாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. அதில் கடைசி ஒன்பது வருடமாக என் பதவி, பாதுகாப்பு மேற்பார்வையாளர்.

சிரித்து முடித்தவர்கள் மேலே படிக்கலாம்.

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் நாற்பது பேரை நிற்க வைத்துப் பத்து நிமிடம் பேசுவேன். டூல்பாக்ஸ் மீட்டிங் என்போம். தலைக்கவசம், கையுறை, ஏணி, அப்புறம் கைப்பேசி. நடந்துகொண்டே பார்க்காதே, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதே, உப்பிப்போனதைத் தொடாதே. தொண்டை வறளச் சொல்வேன்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பு பாண்டியன் மாட்டினான். புதுக்கோட்டைக்காரன், கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் தங்கியிருப்பவன். பாரம் தூக்கும்போது சங்கிலியும் கயிறும் கட்டுகிற ரிக்கர். அவன் கைப்பேசி லேசாக உப்பியிருந்தது. எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டினேன்.

"பேட்டரி உப்பினா இது ஹேண்ட்போன் இல்ல, வெடிகுண்டு. புகை வந்தா என்ன செய்யணும்? கையால தொடாதே. தள்ளி நில்லு. மத்தவங்களையும் தள்ளி நிறுத்து. புகைய மூச்சுல இழுக்காதே. சொல்லு, பாண்டி!"

அவன் பிள்ளைப்பாடம் மாதிரி திருப்பிச் சொன்னான். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தான். சிவப்பும் பச்சையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, உங்க பாக்கெட்ல..."

"அது வேற மாடல் லா," என்றேன்.

அன்று மாலையே அவன் கைப்பேசியை மின்கழிவுத் தொட்டியில் போட வைத்தேன். என்னுடையது என்னோடு பேருந்தில் வீட்டுக்கு வந்தது.

அதை நான் ஏன் விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சத்தனம் பாதி. மீதிப் பாதி வேறு. போன வருடம் என் மனைவி விஜயாவுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எட்டு நாள் காத்திருந்தோம். நான் ஜோக் அடிக்காமல் இருந்த எட்டு நாள் என் ஆயுளில் அது ஒன்றுதான். ராத்திரி தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. "முருகா, அவளை எனக்கு விட்டுவை, பால்குடம் எடுக்கிறேன்" என்று பட்டறைக் கழிப்பறையில் நின்று வேண்டிக்கொண்டேன். தனியாக அழுவதற்கு அங்கே வேறு இடம் கிடையாது. ஒன்பதாம் நாள், எங்கள் பிளாக் மின்தூக்கி வாசலில் நிற்கும்போது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை, சாதாரணக் கட்டிதான். அந்த நல்ல சேதி இந்தக் கைப்பேசியில்தான் வந்தது. அதற்குக் குங்குமம் வைத்தேன். பின்னால் உப்பியபோது ரப்பர் பேண்டு வைத்தேன்.

விஜயா விடாமல் சொன்னாள். "அதத் தூக்கிப் போடுங்க."

"நல்ல சேதி வந்த போன், விஜயா."

"சேதி எனக்கு வந்துச்சு. போனுக்கு இல்ல."

கேட்டேனா? கேட்டிருந்தால் இந்தச் சாட்சி எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

தைப்பூசத்தன்று காலை மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, நாற்பது நாள் விரதம் இருந்த உடம்பு. எல்லாம் சரி. ஒரு விஷயம்தான் சரியில்லை. ஆங் மோ கியோவில் இருக்கும் என் மச்சான், விஜயாவின் தம்பி, தினமும் எத்தனை அடி நடந்தான் என்று குடும்பக் குழுவில் படம் பிடித்துப் போடுவான். நான் ஒரு நாளும் அவனை ஜெயித்ததில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடக்கப் போகிறேன். இதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதா? பகவானுக்கு நடப்பதையே மச்சானுக்கும் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று என் புத்தி சொன்னது.

"என் பையில போடுங்க. நானும் உங்க கூடத்தானே நடக்குறேன், அதே தூரம்தானே?" என்றாள் விஜயா.

"உன் அடி சின்ன அடி. கணக்கு தப்பாயிடும்."

கைப்பேசியை இடுப்பில் வைத்தேன். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று பவர் பேங்கையும் ஒயரோடு சேர்த்து வைத்தேன். மேலே துண்டைச் சுற்றி விஜயா ஒரு முடிச்சுப் போட்டாள். அவள் முடிச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவிழ்த்துவிட்டு, பட்டறையில் இரண்டு டன் இரும்பைத் தூக்கும்போது போடுகிற முடிச்சைப் போட்டேன். சுமை இழுக்க இழுக்க விடாது. அவிழ்க்கும் வகை தெரிந்தவன் தொட்டால்தான் விடும்.

உப்பிய பேட்டரி, அதற்கு சார்ஜ், சுற்றிலும் துணி, மேலே வெயில். பாதுகாப்பு வகுப்பில் கேள்வியாகக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகூடத் தவறைக் கண்டுபிடிக்கும்.

சிலிகி சாலை தாண்டும்போது இடுப்பில் இளஞ்சூடு ஏறியது. தலையில் பால்குடம், இரண்டு கையும் அதன் மேல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "முருகா, வந்துவிட்டாயா! இந்தப் பாவியின் இடுப்பிலா!" என்று கண் கலங்கினேன். ஐந்து நிமிடம் அந்தப் பெருமையிலேயே நடந்தேன்.

ஆறாவது நிமிடம் சுட்டது.

ஏழாவது நிமிடம் குதித்தேன். இடது காலில் ஒரு குதி, வலது காலில் ஒரு குதி. குடத்தை மட்டும் நேராகப் பிடித்திருந்தேன். பக்கத்தில் வழிவிடச் சொல்லி வந்துகொண்டிருந்த பெரிய மீசைத் தொண்டர் ஒருவர் என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அருள் வந்திருச்சு! வழி விடுங்க! வேல் வேல்!"

"வெற்றி வேல்!" என்றது கூட்டம்.

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஓர் அம்மா பக்தியோடு ஒரு பிடி விபூதியைப் போட்டுவிட்டார். இருமினேன். "பாருங்க, உக்கிரம்!" என்றார் மீசைக்காரர். குடம் விழுந்துவிடக் கூடாது என்று அவரும் இன்னொருவரும் என் இரண்டு மணிக்கட்டையும் குடத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள். நல்ல பிடி. விஜயா பத்தடி பின்னால், கூட்டம் சூழ்ந்ததில் முன்னால் வர முடியாமல் நின்றாள்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் நான் பயந்துபோனேன். தோல் வேகிறது என்று தெரிந்தது. திமிறினால் அவர்கள் பிடி விட்டுப்போகும், கையை விடுவித்துத் துண்டைக் கிழித்தாவது எடுத்துவிடலாம். ஆனால் குடம் தரையில் விழும். அது என் குடம் அல்ல. அந்த எட்டு நாளின் குடம். விஜயாவுக்காக நேர்ந்த பால். அதைச் சாலையில் கொட்டிவிட்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

கண்ணை மூடினேன். "முருகா, குடத்தை நான் விட மாட்டேன். இடுப்பை நீ பார்த்துக்கொள். யாரையாவது அனுப்பு. அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவனாக அனுப்பு." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டவில்லை. நேரம் இல்லை.

"ஐயா, விடுங்க அவர! அது சாமி இல்ல, பேட்டரி!"

கண்ணைத் திறந்தேன். தடுப்புக் கம்பியைத் தாண்டிக் குதித்து வருகிறான் பாண்டியன். கையில் பாதி குடித்த நீர்மோர்.

மீசைக்காரருக்குக் கோபம். "தம்பி, சாமி வந்த எடத்துல அப்படியெல்லாம் பேசக்கூடாது."

"பெரியவரே, புகை வருது பாருங்க!"

"சாம்பிராணியா இருக்கும்."

"சாம்பிராணி இடுப்புலயா போடுவாங்க? நகருங்க!"

பாண்டியன் குனிந்தான். முடிச்சைப் பார்த்தான். ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கட்டை விரலால் ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. இரண்டு டன் தாங்கும் முடிச்சு வாழைப்பழத் தோல் மாதிரி கழன்றது. கைப்பேசியும் பவர் பேங்கும் தொப்பென்று சாலையில் விழுந்தன. அவன் அவற்றைச் செருப்புக்காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"கையால தொடாதீங்க! தள்ளி நில்லுங்க! மத்தவங்களையும் தள்ளி நிறுத்துங்க! புகைய மூச்சுல இழுக்காதீங்க!"

என் வசனம். ஒரு எழுத்துப் பிசகவில்லை. உஸ்ஸென்று சீறி, சிவப்பு ரப்பர் பேண்டு உருகி, பச்சை அறுந்து, நல்ல சேதி வந்த கைப்பேசி நெருப்பைக் கக்கியது. ஒரு நிமிடம் முன்பு அது என் தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்தது. தொண்டர்கள் ஓடிவந்து வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி அடக்கினார்கள்.

அதற்குள் விஜயா வந்துவிட்டாள். தண்ணீர்ப் பந்தலிலிருந்து பாட்டில் பாட்டிலாக வாங்கி என் இடுப்பில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தீக்காயத்துக்கு அதுதான் முதல் உதவி, அதையும் நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தலையில் குடத்தோடு நான் நின்றேன். தள்ளி நின்றவர்களுக்கு விவரம் தெரியவில்லை. யாருக்கோ அபிஷேகம் நடக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் மஞ்சள் தண்ணீரோடு வந்துவிட்டார்கள். விஜயா பார்த்த பார்வையில் திரும்பிப் போனார்கள்.

மீசைக்காரர் என் காதருகே குனிந்தார். "தம்பி, மன்னிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், நல்லா ஆடுனீங்க."

முதலுதவிக்காரர்கள் மருந்து வைத்துக் கட்டினார்கள். குடத்தை இறக்கச் சொன்னார்கள். இறக்கவில்லை. ஒரு பக்கம் விஜயா, ஒரு பக்கம் பாண்டியன், மெதுவாக நடந்து டேங்க் ரோடு சேர்ந்தோம். பால் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. வேலின் மேல் அது வழிந்தபோது நான் அழுதேன். இந்தத் தடவை கழிப்பறைக்கு ஓடவில்லை.

வெளியே வந்ததும் பாண்டியனிடம் கேட்டேன். "அத்தனாயிரம் பேர்ல என்னை எப்படிடா கண்டுபிடிச்சே?"

"சும்மா பாத்துக்கிட்டு நின்னேன் அண்ணே. போன் இருந்திருந்தா ஓரமா நின்னு ஊருக்கு வீடியோ கால்ல காட்டிக்கிட்டு இருந்திருப்பேன். அதான் நீங்க தொட்டியில போட வச்சிட்டீங்களே. வேற வேலை இல்ல, கண்ணால பாத்தேன்."

இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. நான் வேண்டிக்கொண்டது சிலிகி சாலையில். ஆனால் முருகன் அதற்குப் பத்து நாள் முன்பே, என் வாயாலேயே, ஆளை ஏற்பாடு செய்து வைத்துவிட்டான்.

மறுவாரம் சிராங்கூன் சாலைக் கடையில் இரண்டு கைப்பேசி வாங்கினேன், பாண்டியனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சட்டையைத் தூக்கி நாற்பது பேருக்கும் தழும்பைக் காட்டினேன். கைப்பேசியின் மூலை அப்படியே அச்சாகப் பதிந்திருக்கிறது. நான் ஒன்பது வருடம் பேசியதைவிட அது நன்றாகப் பேசுகிறது. அன்றைக்கே மூன்று பேர் தாங்களாக வந்து உப்பிய கைப்பேசியைக் கொடுத்தார்கள். இப்போது என்னுடையது வெறும் மேசையில், என் கண் பார்க்க சார்ஜ் ஏறுகிறது. கோயிலுக்குப் போனால் விஜயாவின் பையில் அணைந்து கிடக்கிறது. அந்த நாளின் நடைக் கணக்கு எரிந்து போனதால் மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "படம் இல்லாம முடியாது லா, மாமா" என்கிறான். போகட்டும். எண்ண வேண்டியவன் எண்ணியிருப்பான்.

அன்பர்களே, உங்களுக்கும் காத்திருக்கிற எட்டு நாள் ஒன்று வரும். அப்போது தயங்காமல் கேளுங்கள். கழிப்பறையில் நின்று கேட்டாலும் அவனுக்குக் காது கேட்கிறது. அனுப்புகிற ஆள் மயில்மேல் வர வேண்டியதில்லை. நீர்மோரோடும் வருவான். அவன் வரும்வரை குடத்தை விடாதீர்கள். இடுப்பில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதை எழுதி முடித்து விஜயாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசியில எல்லாம் முருகன் செயல்னு ஒரு வரி போட்டு முடிச்சிரவா?" என்றேன்.

கீரைக்கட்டில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"இது யார் செயல்?"